பனித்தளத்தில் ஓடத் தெரிந்தால் போதும்: புரூம்பாலைப் பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் குளிர்கால விளையாட்டுகளுக்கு இடம் கிடைக்கும்போதெல்லாம் ஐஸ் ஹாக்கியும் ஃபிகர் ஸ்கேட்டிங்கும் பனிச்சறுக்கும்தான் பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் அவற்றைப் படிக்கும் வாசகர்களில் பலர், சிறு வயதிலேயே ஸ்கேட் மாட்டிப் பழகியவர்களுக்குத்தான் இவையெல்லாம் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வளர்ந்து ஆளான பிறகு முதன்முதலாகப் பனித்தளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணத்தை மாற்றக்கூடிய ஒரு விளையாட்டு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆடப்பட்டு வருகிறது என்பதையும், அதன் பெயர் புரூம்பால் என்பதையும், ஸ்கேட் இல்லாமல் சாதாரணமாக ஓடத் தெரிந்த எவரும் அதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். புதியவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் பணியில் இருப்பதால், அவர்கள் முதலில் எதைக் கேட்கிறார்கள், எதில் தடுமாறுகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

புரூம்பாலை முதல்முறை பார்ப்பவருக்கு அது ஐஸ் ஹாக்கியைப் போலவே தோன்றும். அதே பனித்தளம், அதே சுற்றுச்சுவர், அதே நீலக்கோடுகளும் நடுவில் சிவப்புக்கோடும், இரு முனைகளிலும் கோல் வலை. ஓர் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர் களத்தில் இருப்பார்கள்: முன்வரிசையில் ஒரு நடு வீரரும் இரு பக்கவாட்டு வீரர்களும், பின்னால் இரு தடுப்பு வீரர்களும், வலைக்கு முன் கோல்கீப்பரும். வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. காலில் ஸ்கேட்டுக்குப் பதிலாக ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி. ஹாக்கியில் அடிக்கப்படும் பக் என்ற தட்டையான ரப்பர் வட்டுக்குப் பதிலாகக் காற்றடைத்த உருண்டைப் பந்து. ஹாக்கி மட்டைக்குப் பதிலாக, துடைப்பத்தின் வடிவத்தை இன்றும் விட்டுவிடாத ஒரு முக்கோணத் தலை கொண்ட மட்டை. ஏறக்குறைய அறுபது மீட்டர் நீளமும் இருபத்தாறு மீட்டர் அகலமும் கொண்ட ஹாக்கி தளத்தில் இந்த மூன்றையும் மாற்றிவிட்டால், ஆட்டத்தின் வேகம், ஓட்டம், உத்தி எல்லாமே வேறாகிவிடுகின்றன.

ஆட்டத்தின் தோற்றம் கனடாவில். சஸ்காச்சுவன் மாகாணத்தின் பெர்டியூ என்ற சிற்றூரில் 1909 மார்ச் 5 அன்று நடந்த ஆட்டமே பதிவாகியுள்ள மிகப் பழைய ஆட்டமாகக் கருதப்படுகிறது. டொராண்டோ நகரின் டிராம் ஊழியர்கள் துடைப்பத்தையும் சிறிய கால்பந்தையும் வைத்துக்கொண்டு ஆடிய கதையும் அதே காலத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அன்றைக்கு ஆட்டத்துக்கென்று தனியாக மட்டை எதுவும் கிடையாது. வீட்டைப் பெருக்கும் துடைப்பத்தையே எடுத்து, அதன் நார்களைக் கட்டையாக வெட்டி, டேப்பால் இறுகச் சுற்றி, தண்ணீரில் நனைத்து வெளியில் வைத்துவிட்டால் அது உறைந்து கெட்டியாகிவிடும். ஆட்டம் நீள நீள அது இளகி நைந்துபோகும். பின்னர் நார்களின்மேல் ரப்பரைப் போர்த்திய மட்டைகளும், அதன் பிறகு வார்த்தெடுத்த பிளாஸ்டிக் தலையை மரம், அலுமினியம் அல்லது கலவைப் பொருளாலான தண்டில் பொருத்திய இன்றைய மட்டைகளும் வந்தன. கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு, உறைந்த குளத்திலும் முற்றத்திலும் ஆடத் தொடங்கியவர்களின் ஆட்டம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இதில் இன்றும் காணப்படும் எளிமை எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது காலணியைப் பற்றித்தான். இந்தக் கடிதத்திலும் அதற்கே அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனென்றால் முதல் நாளிலேயே இந்த ஆட்டம் வேண்டாம் என்று ஒருவர் திரும்பிப் போனால் அதற்குப் பெரும்பாலும் காலணிதான் காரணமாக இருக்கும். நாம் அன்றாடம் அணியும் ஓட்டக் காலணியின் அடிப்பாகம் சாலைக்கும் புல்தரைக்கும் ஏற்றவாறு செய்யப்பட்டது. குளிர் பட்டதும் அந்த ரப்பர் இறுகிவிடுகிறது, இறுகிய ரப்பருக்கும் பனிக்கட்டிக்கும் இடையே பிடிப்பு எதுவும் இருப்பதில்லை. புரூம்பால் காலணியைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அதன் அடியை அழுத்திப் பாருங்கள்: கடற்பஞ்சு போல விரல் உள்ளே அமுங்கும், விட்டதும் மெல்ல எழும்பும். மேற்பரப்பு முழுவதும் சிறுசிறு குமிழ்களோ பள்ளங்களோ நெருக்கமாக இருக்கும். குளிரிலும் மென்மை குறையாத அந்த ரப்பர், பனித்தளத்தின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பதிந்துகொள்வதால்தான் கால் வழுக்காமல் நிற்கிறது. கணுக்காலைச் சுற்றி உயரமாகவும் திண்டு வைத்தும் தைக்கப்பட்டிருப்பது, எதிரணியின் மட்டையும் பந்தும் அங்கேதான் அதிகம் படும் என்பதால்.

இந்தக் காலணியை வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வரக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வாகன நிறுத்துமிடத்தில் நான்கு அடி நடந்தால் போதும், மணலும் உப்பும் அந்த மென்மையான ரப்பரின் பள்ளங்களில் புகுந்துகொள்ளும். அதன் பிறகு பிடிப்பும் போய்விடும், தளமும் அழுக்காகும். தளத்தின் ஓரத்தில் உள்ள ரப்பர் விரிப்பில் அமர்ந்து காலணி மாற்றிக்கொள்வதையும், ஆட்டம் முடிந்ததும் உடனே கழற்றி உலரவைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

காலணிக்குச் சமமாகத் தளமும் முக்கியம். ஐஸ் ஹாக்கிக்கு முன்பு ஸாம்போனி இயந்திரம் பனிக்கட்டியின் மேற்பரப்பைச் சீவிவிட்டு, வெந்நீரை மெல்லியதாகப் பரப்பிக் கண்ணாடி போல ஆக்கிவிட்டுப் போகும். ஸ்கேட்டின் கூர்முனைக்கு அதுதான் வேண்டும். புரூம்பால் ஆடுபவருக்கோ அது பெரும் தொல்லை. அதனால், அக்கறையுள்ள தளங்களில் புரூம்பாலுக்கு முன்பு தண்ணீர் விடாமல் சீவ மட்டும் செய்து, மேற்பரப்பைக் காய்ந்ததாக விட்டுவைப்பார்கள். ஸ்கேட் தடங்கள் பதிந்து லேசாகச் சொரசொரத்துக் கிடக்கும் தளத்தில் ஓடுவதற்கும், அப்போதுதான் தண்ணீர் பரப்பப்பட்ட தளத்தில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே உணரலாம். முதல்முறை வருபவருக்கு ஆட்டம் மிகக் கடினமாகத் தோன்றினால், தம் திறமையைச் சந்தேகிப்பதற்கு முன் அன்றைய தளத்தின் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயம்.

பந்து ஏறக்குறைய பதினைந்து சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. பக்கைப் போலத் தளத்தோடு ஒட்டிக்கொண்டு வழுக்காமல் இது உருளும், துள்ளும், சுவரில் பட்டுத் தெறிக்கும், குளிரால் கொஞ்சம் இறுகவும் செய்யும். மட்டையின் முக்கோணத் தலையில் தட்டையான பரப்பு இருந்தாலும் பந்து உருண்டையாக இருப்பதால், அதை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு வெகுதூரம் ஓட முடியாது. சிறு தட்டுகளாகத் தட்டித் தட்டி முன்னே கொண்டுசெல்ல வேண்டும், அல்லது சக வீரருக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் தனி மனித சாகசத்தைவிடப் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னேறும் பொறுமைக்கே அதிகப் பலன் கிடைப்பது இதனால்தான். சுவரை ஒரு சக வீரராகவே கருதிப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், அதாவது எந்தக் கோணத்தில் தட்டினால் பந்து எங்கே திரும்பி வரும் என்று கணிக்கத் தெரிந்தவர்கள், வேகம் குறைவாக இருந்தாலும் அணிக்கு மிகவும் வேண்டியவர்களாகிவிடுகிறார்கள்.

விதிகள் பெரும்பாலும் ஹாக்கியை ஒட்டியவை, ஆகவே எல்லாவற்றையும் இங்கே விளக்கப் போவதில்லை. ஆட்டம் வழக்கமாக இரண்டு பாதிகளாக நடக்கும். தொடக்கத்திலும் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எதிரெதிரே நின்று பந்துக்குப் போட்டியிடுவார்கள். தவறிழைத்தவர் பொதுவாக இரண்டு நிமிடம் வெளியே அமர வேண்டும், அந்த நேரத்தில் அவருடைய அணி ஓர் ஆள் குறைவாகவே ஆடும். காலால் பந்தைத் தடுக்கலாம், சக வீரருக்குத் தள்ளியும் விடலாம், ஆனால் வேண்டுமென்றே உதைத்து கோல் போட முடியாது. கையால் பந்தை நிறுத்திக் காலடியில் போட்டுக்கொள்ளலாம், அதைப் பிடித்துக்கொண்டு ஓடவோ சக வீரருக்கு எறியவோ கூடாது. மட்டை தோளுக்கு மேலே உயரக் கூடாது என்ற விதியைப் புதியவர்கள் எல்லாவற்றுக்கும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கால் வழுக்கும்போது கை தானாகவே மேலே போகும், கையோடு மட்டையும் போகும். பின்பக்கம் வருபவரின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

ஆஃப்சைடு விதியில் மட்டும் சற்று நிறுத்திக்கொள்கிறேன், ஏனெனில் ஐஸ் ஹாக்கி பார்த்துப் பழகியவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். பந்து கடப்பதற்கு முன்பாகத் தாக்கும் அணியினர் எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டைக் கடக்கக் கூடாது என்பது இரு ஆட்டங்களுக்கும் பொது. ஆனால் புரூம்பால் சங்கங்கள் பலவற்றின் விதிப்படி, பந்து ஒருமுறை முறையாக நீலக்கோட்டைத் தாண்டிவிட்டால், தாக்கும் பகுதி நடுவிலுள்ள சிவப்புக்கோடு வரை நீண்டுவிடுகிறது. பந்து மறுபடி சிவப்புக்கோட்டுக்கு அப்பால் போகும் வரை தாக்குதல் தொடரலாம். ஸ்கேட்டில் இருப்பவரைப் போல நொடியில் திரும்பிப் பின்வாங்க ஓடுபவரால் முடியாது. அதைக் கருத்தில் கொண்டு பார்த்தால் மிகவும் பொருத்தமான மாற்றம் இது. கோல் வலையும் ஹாக்கி வலையைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பதற்கு, பந்தின் அளவை வைத்துப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை.

இப்போது ஹெல்மெட். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. மண்தரையில் விழும்போது நாம் பெரும்பாலும் முன்பக்கமாக விழுகிறோம், கையை ஊன்ற ஒரு கணம் கிடைக்கிறது. பனித்தளத்தில் காலணியோடு ஓடுபவருக்குக் கால்கள் முன்னே போய்விடும், உடல் பின்னே சாயும், பின்மண்டை நேராகக் கட்டிப்பனியில் மோதும். கையை ஊன்றுவதற்கு நேரமே இருக்காது. அதிலும், மிக மெதுவாக நடந்து போகும்போதுதான் இப்படி விழுபவர்கள் அதிகம், ஏனென்றால் ஓடும்போது இருக்கும் எச்சரிக்கை நடக்கும்போது இருப்பதில்லை. முறையான லீகுகளில் ஹெல்மெட் கட்டாயம். ஆனால் நண்பர்களோ அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களோ ஒரு மணி நேரத்துக்குத் தளத்தை வாடகைக்கு எடுத்து வேடிக்கையாக ஆடும்போது, வெறும் கம்பளித் தொப்பியோடு இறங்குவதை இன்றும் பார்க்கிறேன். வேடிக்கை ஆட்டத்திலும் பனிக்கட்டி அதே கடினம்தான். தாடைப் பட்டையை இறுக்கி மாட்டிய ஹாக்கி ஹெல்மெட், முடிந்தால் முகக்கூண்டுடன், முழங்காலுக்கும் கணைக்காலுக்கும் காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை. இவ்வளவும் இருந்தால் விழுவதைப் பற்றிய பயம் பாதி குறைந்துவிடும், பயம் குறைந்தவர்தான் விரைவில் கற்றுக்கொள்கிறார்.

தளத்தில் முதல் அரை மணி நேரத்தை மட்டையைத் தொடாமல் கழிப்பது நல்லது. முழங்கால்களை மடக்கி, உடலைச் சற்று முன்னே சாய்த்து, எடை முன்பாதத்தில் இருக்கும்படி நின்று பழக வேண்டும். நிமிர்ந்து நின்றால் விழுவது உறுதி. பிறகு சிறு சிறு அடிகளாக நடை, அதே அடிகள் விரைவாக விழும் ஓட்டம். சாலையில் ஓடுவதுபோல் காலை நீட்டி எட்டி வைத்தால், குதிகால் முதலில் பட்டுச் சறுக்கிவிடும். ஓடக் கற்றுக்கொண்டதும் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும், உண்மையில் அதுதான் கடினம். இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி, இரு பாதங்களையும் ஓட்டத் திசைக்குக் குறுக்காக வைத்து, முழங்காலை நன்றாக மடக்கி, ஓரடி ஈரடி சறுக்க விட்டு நிற்பதுதான் முறை. சறுக்குவதை எதிர்த்துப் போராடுகிறவர்கள் விழுவார்கள், எவ்வளவு தூரம் சறுக்குவோம் என்று கணக்கிட்டு முன்கூட்டியே திரும்புகிறவர்கள் நிற்பார்கள். பந்து வருமிடத்துக்கு ஓடி அங்கே போய் நிற்க நினைப்பதைவிட, அதற்கு இரண்டடி முன்பே ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சறுக்கலோடு போய்ச் சேர்வது என்ற அந்தக் கணக்கு கைவந்துவிட்டால், ஒருவர் புரூம்பால் ஆடுபவராகிவிட்டார் என்று சொல்லலாம்.

மட்டையை இரு கைகளாலும், கைகளுக்கு இடையே நல்ல இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். கால்பந்து ஆடிவந்தவர்கள் எல்லாவற்றையும் காலாலேயே செய்யப் பார்ப்பார்கள். ஹாக்கி ஆடிவந்தவர்களோ பந்து பக்கைப் போல அடங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். இரு சாராருக்கும் மறக்க வேண்டியவை சில உண்டு. எந்த விளையாட்டுப் பின்னணியும் இல்லாமல் வருபவருக்கு அந்தச் சுமை இல்லை. சில வாரங்களில் அவர் மற்றவர்களுக்கு இணையாக ஓடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த ஆட்டம் மூச்சு வாங்க வைக்கும். ஸ்கேட்டில் ஒரு தள்ளலில் கிடைக்கும் தூரத்துக்கு இங்கே பல அடிகள் ஓட வேண்டும். அதனால்தான் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்கள் அடிக்கடி மாறிக்கொள்கிறார்கள். புதியவர்கள் களைப்பை மறைத்துக்கொண்டு களத்திலேயே நிற்பதை வீரம் என்று நினைக்கக் கூடாது. களைத்த கால்தான் வழுக்கும்.

இது சிறுவர் விளையாட்டோ, ஒருநாள் கேளிக்கையோ அல்ல என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். கனடாவில் தேசிய அளவில் ஆண்கள், பெண்கள் பிரிவுகளில் போட்டிகள் நடக்கின்றன. கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களின் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக இதை ஆடிவரும் குடும்பங்கள் உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் இதன் கோட்டை. மிச்சிகன் மாநிலத்தின் ஹோட்டன் நகரிலுள்ள மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குளிர்காலம் வந்தால் மாணவர்கள் அணி அணியாகத் திறந்தவெளித் தளத்தில் இதை ஆடுகிறார்கள். மாஸ்கோவில் வெளிநாட்டுத் தூதரகங்களின் ஊழியர்கள் டென்னிஸ் மைதானங்களில் தண்ணீர் விட்டு உறையவைத்து, அதில் தங்களுக்கென்று ஒரு வகைப் புரூம்பாலை வளர்த்தெடுத்தார்கள். ஜப்பான், ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளிலும் அணிகள் இருக்கின்றன. முதல் உலகப் போட்டி 1991ஆம் ஆண்டு கனடாவின் விக்டோரியா நகரில் நடந்தது. ஒலிம்பிக்கில் இதற்கு இன்னும் இடமில்லை. தொலைக்காட்சி இதைத் திரும்பிப் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பெண்களும் ஆண்களும் சேர்ந்து ஆடும் கலப்பு அணிகள் இந்த ஆட்டத்தில் மிகச் சாதாரணம் என்பது என்னை இதில் நிலைக்கவைத்த காரணங்களுள் ஒன்று.

சேர விரும்புகிறவர்கள் லீகின் பொறுப்பாளரிடம் சிலவற்றை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடலால் மோதித் தடுப்பதற்கு அங்கே அனுமதி உண்டா, இல்லையா? இது சங்கத்துக்குச் சங்கம், பிரிவுக்குப் பிரிவு மாறும். கலப்பு அணிகளிலும் தொடக்கநிலைப் பிரிவுகளிலும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஹெல்மெட்டும் காலணியும் இரவலாகக் கிடைக்குமா? தொடக்கநிலைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதா, அல்லது பழுத்த ஆட்டக்காரர்களோடு சேர்த்துவிடுவார்களா? தளத்தில் புரூம்பாலுக்கு முன் தண்ணீர் பரப்புவார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கும் புதியவரைப் பொறுப்பாளர் வியப்போடு பார்க்கக்கூடும், ஆனாலும் கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒருமுறையாவது இந்த ஆட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, தளத்தின் வரைபடத்தோடும் காலணி, மட்டை ஆகியவற்றின் படங்களோடும் அறிமுகம் செய்யுங்கள். அதையும் குளிர்காலம் நடுவில் வந்து நிற்கும்போது வெளியிடாமல், இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலேயே வெளியிடுங்கள், ஏனென்றால் பல லீகுகள் அப்போதுதான் அணிகளைப் பதிவு செய்கின்றன. பதிவு முடிந்த பிறகு படிப்பவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரிடும்.

இப்படிக்கு,
புரூம்பால் பயிற்றுநர் ஒருவர்